பின்வாசல் சோறு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் நான். அப்போது உட்கார்ந்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்று உடம்புக்குத் தோன்றிவிட்டதோ என்னவோ, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. துடைத்த அலமாரியைத் திரும்பத் துடைப்பேன். மாடிக்கு ஏறிப் போய் எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டு இறங்குவேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டுக்காரர் டிவி முன்னால். "செத்த நேரம் ஒரு இடத்துல இருக்கியாளா? ஒன்னையப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்பார். அவர் தலை சுத்தாமல் இருக்கட்டும் என்றுதான் நான் அந்தச் சமையல் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன்.

தச்சநல்லூரில் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி ஆலை. ஆலைக்காரர் வீட்டில் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே மத்தியானம் ஒரு வேளை யார் வந்தாலும் சோறு போடுவோம். தனியாய்க் கிடக்கிற வயசாளிகள், ஜங்ஷனில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், கங்கைகொண்டான் பக்கம் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி ரயிலேறி வந்து நிற்கிற வடக்கத்திப் பையன்கள், தன்னோடு தானே பேசிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். சம்பளத்துக்கு ஆள் யாரும் கிடையாது. காய் நறுக்குவது, பரிமாறுவது, தட்டுக் கழுவுவது எல்லாம் எங்களைப் போல வீட்டில் இருப்புக் கொள்ளாதவர்கள்தான்.

எங்கள் தலைவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கை தூக்கினால்தான் பந்தி தொடங்கும். தூக்குகிற கையில் பச்சைக் கொடி ஒன்றுதான் இல்லை. அவர் போட்ட சட்டம் இரண்டு. வருகிறவர்களிடம் பேர், ஊர், ஏன் வந்தாய் என்று எதுவும் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே உலை. தனிச் சோறு என்ற பேச்சே இருக்கக் கூடாது. பரிமாறுகிற நாங்களும் கடைசியில் அதே சோற்றைத்தான் தின்ன வேண்டும். இரண்டாவது சட்டத்தில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முதல் சட்டம்தான் உயிரை வாங்கியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எங்கே தெரியும்?

அன்றாடச் செலவை ஏதாவது ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். பிறந்த நாள், கல்யாண நாள் என்று எப்போதாவது வருவார்கள். பெரும்பாலும் நினைவு நாள்தான். உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ஒரு போன் போடச் சோம்பல் படுகிறவர்கள்கூட, செத்த பிறகு ஒரு மூட்டை நல்ல பொன்னி அரிசியோடு வந்து இறங்குவார்கள். சொல்லத்தானே செய்வேன். வரும்போது கூடவே படத்தையும் எடுத்து வருவார்கள். கொட்டகை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் படத்தைச் சாய்த்து வைத்து, சந்தனப் பொட்டிட்டு, மாலை போட்டு, பத்தி கொளுத்துவார்கள். தலைவர் கை தூக்குமுன் எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று கும்பிட வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒரு தாத்தாவை, யாரோ ஒரு ஆச்சியைக் கும்பிட்டுவிட்டு உட்காருவோம். செத்தவர் பேரைச் சொல்லிப் போடுகிற சோறு, தின்கிறவர் வாய் வழியாகச் செத்தவருக்குப் போகிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படம் இல்லாத நாளில் கொட்டகைச் சொந்தச் செலவில் ரேஷன் அரிசிச் சோறு. நாற்காலி உள்ளே கிடக்கும்.

அந்த அம்மா வந்தது நல்ல கோடையில். என் வயதுதான் இருக்கும். வெயிலில் காய்ந்து கறுத்த, எலும்பு தெரிகிற உடம்பு. கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு தண்ணீர் பாட்டில். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன சிலுவை. பேச்சில் கடற்கரை வாடை அடித்தது. முதல் நாள் என்னிடம், "யக்கா, இங்கன அசனம் போடுதாங்கன்னு சொன்னாங்க, இதுதானா?" என்று கேட்டாள். மாதா கோயில் திருவிழாவில் ஊருக்கே சோறு போடுவதை அந்தப் பக்கத்து வேதக்காரர்கள் அசனம் என்பார்கள். "இதேதான், வாங்க" என்றேன். அன்றைக்கு ரேஷன் அரிசிச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். பெயர் கேட்கத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தாள். வாசல் வரை வந்தவள் நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். அதற்கு மறுநாள் வந்து தின்றாள். பிறகு இரண்டு நாள் வாசலோடு போனாள். எனக்கு மண்டை குடைந்தது. என்ன கணக்கு இது? குழம்பு பிடிக்கவில்லையா, பக்கத்தில் உட்காருகிறவர் பிடிக்கவில்லையா? காய் நறுக்குகிற போதும் அவள் ஞாபகம், வீட்டில் துணி மடிக்கிற போதும் அவள் ஞாபகம். வீட்டுக்காரர், "இப்ப என்ன குட்டி போட்ட பூன மாதிரி?" என்று கேட்டார். ஒரு நாள் அவள் வாசலில் நின்ற இடத்தில் நானும் போய் நின்று பார்த்தேன். நேர் எதிரே சிவப்பு நாற்காலி. மாலை போட்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது. படம் இருக்கிற நாளில் போய்விடுகிறாள், இல்லாத நாளில் தின்கிறாள்.

புரிந்து என்ன, கேட்க முடியாதே. கேட்க வேண்டிய நாள் தானாக வந்தது. அன்றைக்கும் நாற்காலியில் படம். அவள் வந்தாள், பார்த்தாள், திரும்பினாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி வரை போனவள் அப்படியே சரிந்தாள். ஓடினேன். உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்து, கை கால் நடுங்கி, கண் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு. இது என்னவென்று தெரியும். "அண்ணாச்சி, கருப்பட்டி" என்று கத்தினேன். எங்கள் தவசிப்பிள்ளை கரண்டியைப் போட்டுவிட்டுக் கருப்பட்டித் தண்ணீரோடு ஓடி வந்தார். கல்யாண வீடுகளில் சமைத்தே தலை நரைத்த மனுஷன். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் எங்கள் அடுப்படியில்தான் நிற்பார். முழங்கையில் தலையைத் தாங்கிப் பைய ஊட்டினோம். கொஞ்ச நேரத்தில் கண் நிலைத்தது.

"மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன். சாப்பாட்டுக்கு அர மணிக்கூர் முன்னாடி போடணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. லாட்ஜிலயே போட்டுட்டுத்தான் நடப்பேன்."

ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, அங்கேயே மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்கிறாளாம்.

"மாத்திரயப் போட்டுட்டுத் திங்காமப் போனா உசுருக்கே ஆபத்து, தெரியுமா தெரியாதா? அந்தப் படத்துல இருக்கவரு ஒங்கள என்ன செஞ்சாரு?" சட்டமாவது கொடியாவது. கேட்டே விட்டேன்.

அவள் மரத்தில் சாய்ந்தபடி சொன்னாள். ஒரே மகன். தொழிலுக்குக் கடலுக்குப் போனான். காற்றும் மழையுமாய் அடித்தது. கூடப் போனவர்களில் சிலர் கரை சேர்ந்தார்கள், இவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, மருமகள் அவன் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாலை மாட்டிவிட்டாள். கோயிலில் அவன் ஆத்துமாவுக்குப் பூசையும் வைத்துவிட்டார்கள்.

"அந்தப் பிள்ளயச் சொல்லிக் குத்தமில்ல. அவளுக்குச் சின்ன வயசு. ஆனா மொகத்தப் பாக்காம எப்பிடி மால போட? எந்தத் தீவுல கெடக்கானோ, எந்த நாட்டு ஜெயில்ல கெடக்கானோ. அந்த வீட்டுல என்னால இருக்க முடியல, வந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "செத்தவங்களுக்குன்னு போடுத சோத்த நான் தின்னேன்னு வையிங்க, எம் மவனுக்கும் சேத்துத் தின்ன மாதிரி ஆயிரும். அது மட்டும் ஏலாது யக்கா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று பந்தி முடிந்ததும் அடுப்படியில் பெரிய வாக்குவாதம். படத்தை உள்ளறையில் வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது என்றார் தலைவர். "அது ஏமாத்து இல்லையா? அவளுக்குப் படமா பிரச்சின, சோறுல்லா பிரச்சின?" என்று குதித்தேன். அப்படியானால் வீட்டிலிருந்து நான் கொண்டு வந்து தருகிறேன் என்றேன். "தனிச் சோறு கூடாது. இன்னைக்கு அவங்களுக்கு, நாளைக்கு இன்னொருத்தருக்கு" என்றார். இருவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். தவசிப்பிள்ளை அண்டாவைத் தேய்த்தபடி குறுக்கிட்டார்.

"நம்ம ரேஷன் அரிசி மூட்ட கெடக்குல்லா? நெனவு நாளுக்கு வாரவங்க அரிசிய அண்டாவுல போடுவோம். அந்த அடுப்பு ஓரத்துலயே ஒரு சின்னப் பானையில நம்ம ரேஷன் அரிசிய ஒரு பிடி போடுதேன். கஞ்சியும் தொவையலும். ஒரே அடுப்புதான? இதுல என்ன தனிச் சோறு?"

தலைவர் யோசித்தார். பிறகு, "நான் எதையும் பாக்கல" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கார்டு வண்டியை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அதிலிருந்து நினைவு நாட்களில் அவள் பின்வாசல் வழியாக வருவாள். நெல் இறக்குவதற்காக வைத்திருந்த சின்ன கேட் அது. முன்னால் இருக்கிற நாற்காலி அங்கிருந்து தெரியாது. உரல் கிடக்கிற மூலையில் உட்கார்ந்து சின்னப் பானைக் கஞ்சியைக் குடிப்பாள். முதல் நாள் தவசிப்பிள்ளையிடம், "இது அவங்க அரிசி இல்லல்லா?" என்று கேட்டாள். "சத்தியமா நம்ம அரிசிம்மா" என்றார். அதன் பிறகு அவள் கேட்டதே இல்லை. படம் இல்லாத நாளில் முன்வாசல் வழியாக வந்து பந்தியில் உட்காருவாள். தின்று முடித்ததும் சும்மா போக மாட்டாள், வெங்காயம் உரித்துத் தருவாள். மகனைப் பற்றிப் பேசுவாள். இருந்தான், செய்தான் என்று பேசவே மாட்டாள். எல்லாம் இருக்கிறான், செய்கிறான்தான். "அவனுக்கு மீனு கொழம்பு இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம். கொறஞ்சது மூணு தடவ சோறு வாங்குவான். பசி மட்டும் தாங்க மாட்டான், வீட்டையே ரெண்டாக்கிருவான்" என்பாள். நான் ஊம் கொட்டுவேன்.

ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் ஆற்றங்கரையில் இருப்பார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு நேரே எங்களிடம் வருவார்கள். ஒரு நாற்காலி போதாது. பெஞ்சு போட்டு அது நிறையப் படம். பெரியவர்கள், கல்யாணக் கோலத்தில் ஒரு பெண், பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு பையன். பத்திப் புகையில் கண் எரிந்தது. கூட்டம் கேட்டுக்கு வெளியே நின்றது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ஒரு தடவை பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது அவள் உரலோரம் குனிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

எல்லாம் முடிந்து நாங்கள் தின்ன உட்கார்ந்தபோது தவசிப்பிள்ளை சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"சின்னப் பான கவுந்துட்டும்மா."

"எப்ப?"

"அண்டாவ எறக்கும்போது தட்டி, கஞ்சி பூரா அடுப்புக்குள்ள போயிட்டு. திரும்பிப் பாக்கேன், அந்தம்மா வந்து ஒக்காந்துருக்கு. மாத்திரயப் போட்டுட்டு வந்துருக்கு. மறுபடி ஒல வச்சி எறக்குத வரைக்கும் அந்த ஒடம்பு தாங்குமா? பெரிய அண்டாச் சோத்துல வடிகஞ்சிய ஊத்திக் கரைச்சிக் குடுத்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. "சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்லா?"

"சொன்னா திங்கவா செய்யும்? கண்ணு முன்னால விழச் சொல்லுதீங்களா?"

"அந்தச் சோறுதான் வேண்டாம்னு ஊர விட்டே வந்துருக்கா. அதுலயும் இன்னைக்கு, அமாவாசச் சோறு. ஒங்க சத்தியத்த நம்பித்தான ஒக்காந்தா?"

அவர் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் செய்தது சரி என்றும் எனக்குத் தெரியும், தப்பு என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தால் மனுஷி எங்கே நிம்மதியாக இருக்க?

நாளைக்கு அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று காலையில் நினைப்பேன். தெரியாமல் தின்றது தின்றதாகுமா, எதற்குச் சொல்லி அவளைச் சாகடிக்க வேண்டும் என்று குளிக்கும்போது தோன்றும். தலை துவட்டி முடிப்பதற்குள் மறுபடி மாறிவிடும். இதற்கு நடுவில் அவள் வரவும் இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். தவசிப்பிள்ளை யாரிடமும் பேசாமல் சமைத்தார்; தினமும் சின்னப் பானையில் ஒரு பிடி போட்டார், தினமும் அதை அவரே குடித்தார். பொறுக்க முடியாமல் ஜங்ஷனுக்குப் போய் லாட்ஜ் லாட்ஜாகக் கேட்டேன். ஒன்றில், "அந்தக் கெழவியா? ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டே" என்றார் மேனேஜர். ஊர் எது என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்கக் கூடாது என்ற சட்டத்தை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அவள் திரும்பி வந்த நாளில் யாருடைய நினைவு நாளும் இல்லை. கொட்டகைச் செலவு, ரேஷன் அரிசி, முருங்கைக்காய்ச் சாம்பார். முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். துவைத்த சேலை, அதே துணிப்பை. நேராக என்னிடம் வந்து, "யக்கா, அந்தச் சேர எடுத்துப் போடுதீங்களா?" என்று கேட்டாள்.

"எந்தச் சேர?"

"செவப்புச் சேரு."

தவசிப்பிள்ளை உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்தார். தோள் துண்டால் துடைத்து வாசலில் போட்டார். அவள் பைக்குள்ளிருந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தாள். மருமகள் சட்டம் போட்ட படம். அரும்பு மீசையோடு, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிற ஒரு பையன். அதைச் சாய்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

தவசிப்பிள்ளை அழுதுவிட்டார். "எம்மா, அன்னைக்கு நான்..."

"தெரியும் அண்ணாச்சி. நம்ம அரிசி தடிப் பருக்கையில்லா? வாயில வச்சதும் தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா தின்னீங்க?" என்று கேட்டேன்.

"துப்பிரணும்னுதான் நெனச்சேன். அப்ப திடுக்குனு ஒரு நெனப்பு. எல்லாரும் சொல்லுத மாதிரி அவன் போயிருந்தா? அவனுக்குன்னு நான் இத்தன நாளா ஒரு வாய்ச் சோறு குடுக்கலியே. பசி தாங்க மாட்டானே யக்கா. எங்கனயோ இருந்து, எங்கம்ம திங்க மாட்டேங்காளே, எனக்கு வராதேன்னு பாத்துட்டே இருந்துருந்தா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதான் முழுசும் குடிச்சேன். குடிச்சிட்டு ஊருக்குப் போயி மருமவகிட்ட இதக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

பக்கத்து வீட்டில் பூ இருக்கிறது, மாலை கட்டி வரட்டுமா என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். "மால வேண்டாம். சும்மா இருக்கட்டும்" என்றாள் அவள்.

தலைவர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். வடக்கத்திப் பையன்கள், மூட்டைக்காரர்கள், நாங்கள் எல்லாரும் நின்று அந்தப் பையனைக் கும்பிட்டோம். அவள் மட்டும் கும்பிடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். தலைவர் கை தூக்கியதும் முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். நான் சோற்று வாளியோடு வந்தேன். வைத்தேன், தின்றாள். மறுபடி வைத்தேன், தின்றாள். வழக்கமாக ஒரு தடவைக்கு மேல் வாங்காதவள். சர்க்கரை உடம்பாயிற்றே என்று அடுத்த ஆளுக்கு நகரப் போனேன். அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு கரண்டி வையிங்க யக்கா. அவன் மூணு தடவ வாங்குவான்."

வைத்தேன்.